குண்டூசி தெரிகிற தரை

டைல்ஸ் கடையில் நடந்த அந்தப் பேச்சு டெல்னாவுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. முதலில் வாயைத் திறந்தது கடைக்காரன் ரெஜிதான்.

“சேடத்தி, இதப் பாருங்க. நாலுக்கு ரெண்டு சைஸு. குனிஞ்சு பாத்தே பவுடர் போட்டுக்கலாம், அவ்வளவு மினுக்கம்.”

“எழுபது நெருங்கற மூஞ்சிக்குப் பவுடர் ஒண்ணுதான் கொறச்சல்,” என்றாள் பெண்ணம்மா. அவள் டெல்னாவின் மாமியார்; வயதில் மூத்த கிறிஸ்தவப் பெண்களை அந்தப் பக்கத்தில் சேடத்தி என்பார்கள். “செவுத்துல சாத்தி வச்சுக் காட்டாத. கீழ போடு.”

“கீழயா?”

“தரைக்குத்தானே விக்கற? கீழ போடு.”

பளிங்குபோல வெளுத்து, ஊடே பொன்னிறக் கோடுகள் ஓடிய அந்த டைலை ரெஜி தரையில் படுக்க வைத்தான். பெண்ணம்மா கைப்பையைத் திறந்து பழைய இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்தாள். அதிலிருந்து ஒரு பித்தளைக் குண்டூசியைப் பொறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து டைலின்மேல் விட்டாள். மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

“எடு.”

ரெஜி சிரித்துக்கொண்டே குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். கடைசியில் உள்ளங்கையால் டைலைத் தடவப் போனான்.

“கையால தடவாத. கண்ணால எடு.”

டெல்னா நாடி பார்க்கும் பழக்கத்தில் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொன்றாவது வினாடியில் அவன் கண்டுபிடித்தான். குண்டூசி ஒரு பொன்னிறக் கோட்டின்மேல், கோட்டோடு கோடாகப் படுத்திருந்தது.

“அடுத்தது,” என்றாள் பெண்ணம்மா.

மரப்பலகை மாதிரி அச்சடித்த டைலில் குண்டூசி மர ரேகைக்குள் ஒளிந்தது. புள்ளி புள்ளியான கிரானைட்டில் விழுந்ததை ரெஜி தேடவே மறுத்துவிட்டான். “சேடத்தி, நீங்க டைல்ஸ் வாங்க வந்தீங்களா, எனக்குக் கண் டெஸ்ட் பண்ண வந்தீங்களா?”

“ரெண்டும் ஒரே வேலதான். அது என்ன, வெளிய அடுக்கி வச்சிருக்கறது?”

வெளியே தகரக் கூரைக்கு அடியில் கரிக்கட்டை நிறத்தில், மினுக்கமே இல்லாத டைல்கள் தூசி படிந்து கிடந்தன. பெண்ணம்மா ஒன்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். குண்டூசியை விட்டாள். நான்கு எட்டு தள்ளி நின்ற டெல்னாவுக்கே அது தெரிந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் கோடு கிழித்ததுபோல் கிடந்தது.

“இது.”

“இதா? இது கார் ஷெட்டுக்குப் போடறது சேடத்தி.”

“நானும் பழைய வண்டிதான். ஒரு சக்கரம் ஏற்கெனவே கழண்டு போச்சு.”

ரெஜி டெல்னாவின் பக்கம் திரும்பினான். “சேச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. தைக்கற ரூம்ல, அதுவும் பூசை உடுப்பு தைக்கற ரூம்ல, யாராச்சும் கருப்பு போடுவாங்களா?”

டெல்னாவின் கையில் போன் அடித்தது. சொல்ல வேண்டியவன் அந்த நேரத்துக்குச் சரியாக அயர்லாந்திலிருந்து வீடியோவில் வந்தான். சோஜன், பெண்ணம்மாவின் ஒரே மகன்.

“மம்மி, வீடு முழுக்க ஒரே டைல்னு பேசி முடிச்சாச்சுல்ல? ஒரு ரூம் மட்டும் கருப்பா இருந்தா சாவு வீடு மாதிரி இருக்கும்.”

“சாவு வீட்ல தரைய யாருடா பாக்கறா?”

“வெள்ளையே இருக்கட்டும் மம்மி. வெள்ளைன்னா எது விழுந்தாலும் தெரியும்.”

பெண்ணம்மா போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைப் பிடித்திருந்த டெல்னாவைப் பார்த்தாள்.

“எது விழுந்தாலும்னா, எது?”

சிக்னல் நின்றதா, சோஜன்தான் நின்றானா என்று தெரியாதபடி அவன் முகம் திரையில் அசையாமல் இருந்தது.

“சரி,” என்றாள் பெண்ணம்மா. “எல்லாத்தையும் வெள்ளையாவே போட்டுரு ரெஜி. அந்தக் கிரானைட்டுல விழுந்த என் குண்டூசிய மட்டும் தேடிக் கொடு.”

அதைத் தேடி எடுக்கிற வரை அவள் கடையை விட்டு நகரவில்லை.

வெள்ளை என்றால் எது விழுந்தாலும் தெரியும் என்பது டெல்னாவின் வாக்கியம். இரண்டு நாள் முன்பு அவள்தான் அதைப் புருஷனிடம் சொல்லிவைத்திருந்தாள். எது என்று அவள் நினைத்தது ரத்தத்தை.

குறவிலங்காட்டுப் பக்கத்தில் நாலைந்து பங்குக் கோயில்களுக்குப் பெண்ணம்மாதான் பூசை உடுப்பு தைத்துக் கொடுத்தாள். பதினேழு வயதில் மடத்துச் சிஸ்டர்களிடம் ஊசி பிடித்தவள். இருபத்திரண்டில் ஔசேப்பைக் கட்டிக்கொண்டு வந்தபோது, உடன் வந்த பொருட்களில் ஒரு கால் மிஷினும் இருந்தது. கிழக்குப் பக்கத்து அறையில் அதைப் போட்டாள். அன்றிலிருந்து அது தையல் அறைதான். சோஜன் பிறந்ததும் அந்த அறையில்தான். மறுமாதம் தொட்டிலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவள் ஒரு ஈஸ்டர் ஆர்டரை முடித்துக் கொடுத்தாள் என்று ஊரில் சொல்வார்கள்.

பூசைக்குச் சாமியார்கள் தோளில் போர்த்திக்கொள்கிற காப்பா, விரித்தால் அரைவட்டம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்தடி. பத்தடி மேசை எந்த வீட்டில் இருக்கிறது? பெண்ணம்மாவுக்குத் தரைதான் மேசை. அறையின் பழைய சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி நட்ட நடுவில், ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் ஆணியைச் செருகி, ஆணியில் நூலைக் கட்டி, நூலின் மறுநுனியில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து வளைவைக் கிழிப்பாள். நாற்பது வருட வளைவுகள் சிமெண்டில் மங்கலாகத் தேய்ந்து கிடந்தன. அந்தத் தரையில் செருப்புப் படக்கூடாது. தாலி கட்டுகிற பூசைக்கும் சவ அடக்கப் பூசைக்கும் போகிற துணி அதில்தான் விரிகிறது.

குண்டூசியிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரும்புக் குண்டூசியை வீட்டுக்குள் விடமாட்டாள். மழைக்காலத்து ஈரத்தில் ஒரே ராத்திரியில் துருப்பிடித்து ஜரிகைத் துணியில் பொட்டு வைத்துவிடும். பித்தளைதான். பித்தளை காந்தத்துக்கு வராது. கீழே விழுந்தால் கண்ணால்தான் பொறுக்கவேண்டும்.

ஔசேப்பு ஒருநாள் காலையில் ரப்பர் மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று பெண்ணம்மா அழவில்லை. கல்லறையில் அடக்கம் நடத்திய சாமியாரும் மற்ற எல்லாரும் மண் போட்டு முடித்ததும், கோயில் பிள்ளையைக் கூப்பிட்டு, “அச்சன் போட்டிருந்த ஊதாக் காப்பாவ நாளைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. எடப்பக்கம் ஓரம் பிரிஞ்சிருக்கு,” என்று மட்டும் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. “புருஷன் குழியில எறங்கறப்ப இவ ஓரத் தையல் எண்ணிட்டு நின்னா” என்று ஒரு வருடம் பேசினார்கள். அவள் காதுக்கும் வந்தது. “எண்ணல. கண்ணுல பட்டுச்சு,” என்றாள். அதோடு சரி.

பெண்ணம்மாவுக்குச் சர்க்கரை வியாதி அதற்கு முன்பே இருந்தது. அவர் போன பிறகு கால் மரக்கத் தொடங்கியது. விரலில் ஆரம்பித்து, பாதம், கணுக்கால் என்று மேலே வந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால், “வலியெல்லாம் இல்ல. எந்நேரமும் சாக்ஸ் போட்டிருக்கற மாதிரி இருக்கு,” என்பாள். கால் மிஷினுக்கு மோட்டார் வைத்தார்கள். மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அவள் காதால்தான் அறிந்தாள்.

டெல்னா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி நர்சு வேலையை விட்டுவிட்டு, அயர்லாந்து போவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சோஜன் முன்னால் போய்விட்டான். காலையில் தையல் அறையைத் துடைக்கும்போது சாம்பல் நிறச் சிமெண்டில் கருப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகளைப் பார்த்தாள். மிஷின் எண்ணெய் என்று நினைத்துத் துடைத்தாள். மறுநாளும் இருந்தன. மறுநாளும் துடைத்தாள். நான்கு நாள் துடைத்தாள். ஐந்தாம் நாள் துணியில் இருந்த வாடை அவளுக்கு ஆஸ்பத்திரியை நினைவூட்டியது. மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு அடியில் பாதி ஒடிந்த தையல் ஊசி இருந்தது.

விரலை எடுக்கவேண்டி வந்தது. டாக்டர் இனிமேல் வீட்டுக்குள்ளேயும் சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடவேண்டும் என்றார். அடுத்த காயத்துக்குப் போவது விரலாக இருக்காது என்றும் சொன்னார். பெண்ணம்மா அடுக்களையில் போட்டாள், முற்றத்தில் போட்டாள். தையல் அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். சொல்லிப் பயனில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்குப் போட்டதும் டெல்னா அவள் பாதங்களை மடியில் வைத்துப் பார்ப்பாள். “ஒண்ணும் இல்ல மம்மி” என்பாள். பெண்ணம்மா காலை எடுத்துக்கொள்வாள்.

ஒரு நர்சு நான்கு நாள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு எண்ணெய் என்று நினைத்திருந்ததை டெல்னா யாரிடமும் பேசவில்லை. வீட்டுத் தரையை மாற்றலாம் என்று சோஜன் சொன்னபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: வெள்ளை.

ஆகஸ்டில் சுகுமாரன் மேஸ்திரி வந்து வீடு முழுக்க வெள்ளை டைல் பதித்தார். தையல் அறையின் ஓட்டை டைலுக்கு அடியில் போயிற்று. அறைக்குள் நுழைந்தால் கண் கூசியது. பெண்ணம்மா குறை சொல்லவில்லை. ஒரு கருநீலப் போர்வையை விரித்து அதன்மேல் துணியைப் போட்டுப் பார்த்தாள். மினுக்குத் தரையில் போர்வை வழுக்கிக்கொண்டே போனது. சுருட்டி வைத்துவிட்டாள்.

புதிதாகக் குருப்பட்டம் வாங்கப்போகிற ஒரு கொச்சச்சனுக்கு, இளம் சாமியாருக்கு, காப்பா வெட்டவேண்டியிருந்தது. ஆணி அடிக்க இடமில்லை. டெல்னாதான் நூலின் நுனியைப் பெருவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வெரல நல்லா அழுத்து கொச்சே. நீ இப்ப ஆணி. ஆணி மூச்சு விடக்கூடாது.”

பெண்ணம்மா சாக்பீஸோடு நகர ஆரம்பித்தாள். வளைவு கால்வாசி வந்தபோது குனிந்த தலையோடு கேட்டாள்.

“வெள்ளையச் சொன்னது நீதானே?”

டெல்னாவால் எழுந்து போகமுடியாது. விரலை எடுத்தால் வளைவு போய்விடும்.

“ஆமா மம்மி.”

“நெனச்சேன். அவனுக்குத் தரையப் பத்தி என்ன தெரியும்? செருப்ப எங்க விட்டோம்னே தெரியாது.” சாக்பீஸ் மெதுவாக நகர்ந்தது. “ரத்தம் தெரியும்னு சொன்ன.”

“ஆமா.”

“எனக்குக் குண்டூசி தெரியணும். உனக்கு ரத்தம் தெரியணும். நீ நர்சு. குத்துனதுக்கு அப்புறம் பாக்கறவ. நான் குத்தறதுக்கு முன்னாடி பாக்கணும்னு நெனைக்கறேன்.”

“நாலு நாள் தெரியாமப் போச்சு மம்மி. அந்த மாதிரி இன்னொரு தடவை...”

“தெரியாமப் போனது எனக்கு. கால் என்னோடது.” வளைவு முக்கால் வந்திருந்தது. “உனக்கு விசா வந்துரும். நீ போனப்புறம் தரை எவ்வளவு வெள்ளையா இருந்தாலும் ரத்தத்த யாரு பாக்கப் போறா? துடைக்க வர்ற குஞ்ஞம்மிணியா? அவ வைன் சிந்திருக்குன்னு துடைச்சிட்டுப் போவா.”

டெல்னாவின் பெருவிரல் வெளுத்திருந்தது.

“முடிஞ்சுது. வெரல எடு,” என்றாள் பெண்ணம்மா. அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

செப்டம்பரில் புதுத் தரை போட்ட வீட்டை ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுக்க வட்டக்குன்னேல் அச்சன் வந்தார். பங்குச் சாமியார். ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் ஆற்று மீன்போல் குவிந்திருந்தன. அந்தக் குவியலில் எம்.சி.ஆர். செருப்பும் கிடந்ததை டெல்னா கட்லெட் தட்டோடு கடந்தபோது பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டைக் கொடுத்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அச்சன் புத்தகத்தோடும் தீர்த்தத்தோடும் ஒவ்வொரு அறையாகப் போனார். பெண்ணம்மா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கடைசி அறை தையல் அறை. அங்கே கொச்சச்சனுக்கான காப்பா முடிந்து கொடியில் தொங்கியது. ஜனம் வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது.

“யாரோ வைன சிந்திருக்காங்க, பாருங்க,” என்றாள் சோஜனின் அத்தை அன்னக்குட்டி. “புதுத் தரை. கறை பிடிக்கறதுக்குள்ள ஒரு துணி எடுத்துட்டு வாங்க.”

“வைன் இன்னும் ஊத்தவே இல்லியே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மந்திரிச்சு முடியறதுக்குள்ள அன்னக்குட்டிச் சேடத்திக்குத் தாகம்.”

சிரித்தார்கள். டெல்னா கீழே பார்த்தாள். ஒரு எட்டுக்கு ஒரு பொட்டு. நடு அறையிலிருந்து வரவில்லை. தையல் அறை வாசலுக்கு உள்ளேதான் ஆரம்பித்து, மெழுகுவத்தி பிடித்திருந்தவள் நின்ற இடத்தில் முடிந்தது. வெள்ளையில் நன்றாகத் தெரிந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாமியாரின் தோளைத் தொட்டாள். “மம்மி, உக்காருங்க.”

“அச்சன் முடிக்கட்டும்.”

“கால்ல குத்தியிருக்கு.”

“தெரியுது, ஜனம் பாக்கறதப் பாத்தாலே தெரியுது. முடிக்கட்டும்.”

அச்சன் நிறுத்திவிட்டார். பெண்ணம்மா உட்கார மறுத்தாள். அவர் கடைசி மூன்று வரியையும் வேகமாகச் சொல்லி, தீர்த்தம் தெளித்து, புத்தகத்தை மூடினார். அப்புறம்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டெல்னா தரையில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கினாள். பெருவிரலுக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில், பித்தளைக் குண்டூசி தலைவரைக்கும் இறங்கியிருந்தது. காலையில் அந்த அறையைக் கூட்டியது டெல்னாதான். இரண்டு முறை கூட்டினாள். எந்தப் பொன்னிறக் கோட்டின்மேல் அது படுத்திருந்ததோ.

“பெண்ணம்மச் சேடத்தி,” என்றார் அச்சன், “செருப்போட வந்தா ஆண்டவர் கோவிச்சுக்கவா போறாரு?”

“ஆண்டவர் கோவிக்க மாட்டாரு அச்சா. துணி அழுக்காகும்.”

டெல்னா குண்டூசியை உருவினாள். பெண்ணம்மா மெழுகுவத்தியை ஊதி அணைத்து, உருகி வழிந்த மெழுகு விரலில் பட்டதற்கு முகம் சுளித்தாள். கையில் உணர்ச்சி இருந்தது.

அந்தக் காயம் மூன்று வாரத்தில் ஆறியது. குத்திய அரை மணியில் கண்டுபிடித்ததால் ஆறியது என்று டாக்டர் சொன்னார். சோஜன் போனில், “நீ சொன்னதுதான் சரி. வெள்ளையா இருந்ததாலதான் தெரிஞ்சுது,” என்றான். டெல்னாவும் அப்படி நினைத்துப் பார்க்க முயன்றாள். மூன்று வாரமும் கட்டு மாற்றும்போதெல்லாம் முயன்றாள். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. ஐம்பது பேர் தினமும் வரமாட்டார்கள்.

விசா அக்டோபர் முதல் வாரத்தில் வந்தது. அன்றைக்கே அவள் ரெஜிக்குப் போன் செய்தாள்.

“வெளிய கெடந்துச்சே, அந்தக் கருப்பு டைலு இருக்கா?”

“இருக்கு சேச்சி. ஷெட்டு கட்டறீங்களா?”

“ஆமா. பத்துக்குப் பன்னெண்டு ஷெட்டு.”

பிறகு சோஜனிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். “ரெண்டு மாசம்கூட ஆகல டெல்னா. ஊர் சிரிக்கும்,” என்றான். “சிரிச்சுட்டுப் போகட்டும் இச்சாயா. நாளைக்கு மேஸ்திரி வர்றாரு,” என்றாள். அவன், அயர்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டது, கனமான கோட்டு கொண்டுவர வேண்டாம், இங்கேயே வாங்கலாம் என்றான்.

சுகுமாரன் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் போட்ட தரை மேல நானே தரை போடறது இதான் மொதத் தடவ. பேஸ்ட் போட்டு மேலயே ஒட்டிரலாம். ஆனா அரை இஞ்சு ஒசரும். கதவு இடிக்கும். ஆசாரியக் கூப்பிட்டு அடியில சீவணும்.”

“சீவலாம்,” என்றாள் டெல்னா. “அப்புறம் இங்க, செவுத்துக்கிட்ட நடுவுல, ஒரு சின்ன ஓட்டை போடணும். ஆணி நிக்கற அளவுக்கு.”

“புது டைல்லயா?”

“புது டைல்லதான்.”

“இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு என்னமோ ஆச்சு,” என்று சொல்லிக்கொண்டே டிரில்லை எடுத்தார். பெண்ணம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ஒரு விரக்கட எடப்பக்கம் தள்ளி” என்று இடம் காட்டினாள். தான் கேட்காமலே கருப்பு டைல் எப்படி வந்தது என்று அவள் விசாரிக்கவில்லை.

இன்னொரு விஷயம் பாக்கியிருந்தது. கருப்பில் குண்டூசி தெரியும். ரத்தம் தெரியாது. டெல்னா ஜங்ஷனில் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடையில் ஒரு டஜன் வெள்ளை சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெண்ணம்மா பாக்கெட்டைப் பார்த்தாள். “யாரு ஸ்கூலுக்குப் போறா?”

“மம்மி, இதப் போட்டுட்டு உள்ள போங்க. துணி அழுக்காகாது. எங்கயாச்சும் குத்துனா வெள்ளையில தெரியும். சாயங்காலம் கழட்டறப்ப ரெண்டு சாக்ஸோட அடியையும் பாத்தாப் போதும். கால வளைச்சுப் பாக்கவேண்டாம்.”

“வெள்ள சாக்ஸும் கையுறையும் நம்மளச் சவப்பெட்டியில படுக்க வைக்கறப்பப் போட்டுவிடுவாங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?”

“அதுக்குப் புதுசு வாங்கிக்கலாம்.”

பெண்ணம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். டெல்னா அப்படிப் பேசுகிறவள் அல்ல. பெண்ணம்மாவின் மூக்கிலிருந்து காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

“ஏற்கெனவே ஒரு சாக்ஸ் போட்டுட்டுத்தான் இருக்கேன். மேல ஒண்ணு போட்டா என்ன ஆயிரப் போகுது. கொடு.”

பேஸ்ட் காய மூன்று நாள் யாரும் மிதிக்கக்கூடாது என்றிருந்தார் மேஸ்திரி. அந்த மூன்று நாளில் டெல்னா பெட்டி கட்டினாள். காய்ந்த மிளகாய், மாங்காய் ஊறுகாய், இறைச்சி மசாலா. எதைக் கட்டும்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எடை மட்டும் பார்த்தாள். சாயங்காலம் வழக்கம்போல் மாமியாரின் பாதத்தைப் பார்த்து, “ஒண்ணும் இல்ல மம்மி” என்றாள்.

நான்காம் நாள் காலையில் அறையைத் திறந்தார்கள். சன்னல் வெளிச்சம் தரையில் விழுந்தது; கூசவில்லை. நூல் துணுக்கு, சிமெண்டுத் தூள், மேஸ்திரியின் பீடித் துண்டு என்று எல்லாமே அதில் தெரிந்தன. இனி ஒரு நாளைக்குப் பத்துமுறை கூட்டவேண்டும் என்று டெல்னா நினைத்தாள். கூட்டினாள். பெண்ணம்மா வாசலில் நின்று இருமல் மிட்டாய் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி குண்டூசியை உள்ளே விசிறினாள். பிறகு நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் காட்டினாள். “அங்க ஒண்ணு. மிஷினுக்குக் கீழ ரெண்டு. ஓட்டைக்குப் பக்கத்துல ஒண்ணு.” டெல்னா பொறுக்கினாள். டப்பாவில் பதினேழு திரும்பி வந்தன. விசிறியதும் பதினேழு என்றாள் பெண்ணம்மா.

அவள் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு தயாராகத்தான் நின்றாள். ஆனால் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“கொச்சே, செருப்பக் கழட்டிட்டு நீ மொதல்ல நட. நடுவுல போய் நில்லு.”

டெல்னா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். நடுவில் போய் நின்றாள். தரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல மம்மி. குண்டூசி எதுவும் இல்ல.”

“அதான் இங்கிருந்தே தெரியுதே. அதக் கேக்கல.” பெண்ணம்மா அவளுடைய வெறும் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது நான் கண்ணால எடுத்த தரை. காலுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. குளுருதா, சொரசொரங்குதா, எப்படி இருக்குன்னு சொல்லு. அவசரமில்ல, நின்னு பாத்துச் சொல்லு.”